ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நமது சங்க உறுப்பினர்களில் மளிகைக் கடை ஒன்றோடு நின்றுவிட்டவர்கள் இன்று குறைவு. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகு, பாக்குமட்டைத் தட்டும் காகிதத் தட்டும் விற்கத் தொடங்கிய கடைக்காரர்களில் சிலர் தாங்களே மிஷின் வாங்கிப் போட்டுவிட்டார்கள். பழைய அட்டைப் பெட்டி எடுத்து விற்பவர்களிடம் பேல் கட்டும் பிரஸ் இருக்கிறது. மாடி வைத்த கிடங்குகளில் மூட்டை ஏற்றும் லிஃப்ட் வந்துவிட்டது. சொந்த லோடு வண்டி பலரிடம் உண்டு. மருமகனுக்கோ தம்பிக்கோ டிப்பர் வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. இவை அத்தனைக்கும் பொதுவான ஒன்று, எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் அமைப்பு. அதில் பம்பும் சிலிண்டரும் பல ஆண்டுகள் உழைக்கும். முதலில் கை கொடுக்காமல் போவது ரப்பர் ஹோஸ்தான்.

மில் ஸ்டோர்ஸ் சாமான் மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் தினமும் காண்பது இது: உறுப்பினர் ஒருவர் எண்ணெய் சொட்டும் பழைய ஹோஸைக் கவுண்டரில் வைத்து, "இதே மாதிரி ஒன்று கொடுங்கள்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. "அரிசி ஒரு மூட்டை" என்று ரகம் சொல்லாமல் கேட்டால் நாம் என்ன செய்வோம்? பொன்னியா, இட்லி அரிசியா, புதிதா பழையதா என்று நாலு கேள்வி கேட்போம். ஹோஸுக்கும் அந்த நாலு கேள்வி உண்டு. கேட்காமல் கொடுப்பவர் இருக்கிறார்கள். சொல்லாமல் வாங்குபவர் இருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது மிஷின் அருகில் நிற்கும் ஆள்.

நம் பகுதிக்கு இந்தச் சரக்கு புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. அதன் பிறகுதான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை டேனரிகளுக்கு இத்தாலி, செக்கோஸ்லோவாக்கியா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் மிஷின்கள் வரிசையாக வந்தன. சதை நீக்குவது, தண்ணீர் பிழிவது, தோலில் டிசைன் பதிப்பது, ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவது எல்லாம் ஹைட்ராலிக். டேனரி ஃபோர்மேனுக்கு ஹோஸ் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் நமக்குச் சொல்லித் தருவார். ஒரே ஒரு தட்டு மிஷின் வைத்திருக்கும் மளிகை வியாபாரிக்குத்தான் சொல்ல ஆளில்லை. ஆகவே இக்கட்டுரை.

உள்ளே இருப்பது என்ன?

ஹோஸின் வெட்டு முகத்தைப் பாருங்கள். மூன்று அடுக்கு தெரியும். உள்ளே எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய். இது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அதன் மேல் எஃகுக் கம்பியாலோ நூலாலோ பின்னிய பின்னல். அதற்கும் மேல் வெயில், உரசல், எண்ணெய் இவற்றைத் தாங்கும் வெளி ரப்பர். அழுத்தத்தைத் தாங்குவது நடுவில் உள்ள பின்னல் மட்டுமே. வெளியில் கறுப்பாகப் பளபளப்பாக இருப்பதை வைத்து ஹோஸின் பலத்தை எடை போடுவது, சாக்கின் மேல் அச்சை மட்டும் பார்த்துப் பருப்பு வாங்குவது போலத்தான்.

ஒரு பின்னல் உள்ளதை அமெரிக்க முறையில் ஆர்1 என்றும், இரண்டு பின்னல் உள்ளதை ஆர்2 என்றும் சொல்வார்கள். ஐரோப்பிய முறையில் அவை 1 எஸ்.என்., 2 எஸ்.என். பட்டறைகளில் "சிங்கிள் வயர், டபுள் வயர்" என்பது இவற்றைத்தான். ஆர்6, ஆர்3 என்பவை நூல் பின்னல். அழுத்தம் குறைந்த ரிட்டர்ன் லைனுக்கு உரியவை. ஆர்4 என்பது பம்பு எண்ணெயை இழுக்கும் சக்ஷன் ஹோஸ். அதில் சுருள் கம்பி ஒன்று உள்ளே இருக்கும். இழுக்கும்போது ஹோஸ் சப்பிப்போகாமல் இருக்க அது வேண்டும். பம்பு திடீரெனக் கல் அரைப்பது போலச் சத்தம் போட்டால், பம்பைக் கழற்றுவதற்கு முன் சக்ஷன் ஹோஸைப் பாருங்கள். உள் ரப்பர் உரிந்து மடங்கி எண்ணெயை மறித்துக்கொண்டிருக்கலாம். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது.

ஹோஸின் மேல் நீளவாக்கில் ஓர் எழுத்து வரிசை ஓடும். வியாபாரிக்கு அதுதான் சரக்கின் ஜாதகம். எந்தத் தரம், எந்த அளவு, எத்தனை பார் அழுத்தம், எந்தக் காலாண்டில் எந்த ஆண்டில் செய்தது எல்லாம் அதில் இருக்கும். எழுத்தே இல்லாத ஹோஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிரஷர் லைனுக்கு வாங்க வேண்டாம்.

பருமன் வேறு, பலம் வேறு

மிஷினின் கேஜ் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று காட்டும். ஹோஸில் பார் என்று போட்டிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 1 பார் என்பது 1.02 கிலோ. பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தால் 14.5 ஆல் வகுத்தால் பார் வந்துவிடும்.

200 கிலோ என்றால் என்ன என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். அரை இஞ்ச் ஹோஸின் உள் துவாரம் 12.7 மில்லிமீட்டர். அதன் பரப்பு ஏறக்குறைய 1.27 சதுர சென்டிமீட்டர். 200 கிலோ அழுத்தத்தில் அந்தச் சிறிய துவாரத்தின் முனையில் விழும் விசை சுமார் 250 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை ஐந்தைக் கட்டி அந்த நட்டில் தொங்கவிட்டது போல. அதுவும் அசையாமல் தொங்குவதில்லை. மிஷின் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் தூக்கித் தூக்கிப் போட்ட மாதிரி. இதைத் தாங்க வேண்டிய இடத்தில் ஜூப்ளி கிளிப் போட்டு முறுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கிளிப் தண்ணீர் ஹோஸுக்கும், தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனுக்கும்தான்.

இப்போது பலர் தவறாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஹோஸ் பருமனாக இருந்தால் பலம் அதிகம் என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர் எதிர். ஒரே ரகத்தில் துவாரம் பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் அழுத்தம் குறையும். ஒரு பின்னல் உள்ள 1 எஸ்.என். ஹோஸ், கால் இஞ்ச் அளவில் 225 பார் தாங்கும். 3/8 இஞ்சில் 180. அரை இஞ்சில் 160. முக்கால் இஞ்சில் 105. ஒரு இஞ்சில் 88 மட்டுமே. இரண்டு பின்னல் உள்ள 2 எஸ்.என். அதே வரிசையில் 400, 330, 275, 215, 165 பார். துவாரம் பெரிதானால் உட்சுவரின் மேல் எண்ணெய் தள்ளும் பரப்பும் கூடுகிறது. கம்பியின் மேல் விழும் இழுவை அதற்கேற்பக் கூடுகிறது. காரணம் அவ்வளவுதான்.

ஆகவே கேஜ் 200 காட்டும் தட்டு மிஷினில் 3/8 இஞ்ச் சிங்கிள் வயர் போட்டால் அது 180க்கு உரிய ஹோஸ். போட்ட அன்றே வெடிக்காது. நல்ல கம்பெனி ஹோஸ் எழுதியிருப்பதைப் போல நான்கு மடங்கு அழுத்தம் வரை வெடிக்காமல் நிற்கும்படி செய்யப்படுகிறது. இந்த நான்கு மடங்கைக் காட்டித்தான் சில பட்டறைகளில், "ஒன்றும் ஆகாது, போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்த இடைவெளி நாம் செலவழிப்பதற்காக வைத்தது அல்ல. வால்வு திறந்து மூடும்போது எழும் அதிர்ச்சி கேஜ் முள்ளுக்கே தெரியாமல் வந்து போகும்; ஒரு நாளில் ஆயிரம் தட்டு அழுத்தினால் ஆயிரம் அடி. கம்பி சோர்ந்துபோவது அப்படித்தான். சிங்கிளுக்கும் டபுளுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு நாள் மிஷின் நின்றால் கொடுக்கும் கூலிக்கு ஈடாகாது.

அடுத்து, எந்தத் துவார அளவு என்பது. இது அழுத்தத்தைப் பொறுத்தது அல்ல, பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. பிரஷர் லைனில் எண்ணெய் நொடிக்கு சுமார் 6 மீட்டர், ரிட்டர்னில் 3 மீட்டர், சக்ஷனில் 1.2 மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது வழக்கம். நிமிடத்துக்கு 20 லிட்டர் பம்பு என்று வைத்துக்கொண்டால் பிரஷருக்கு 3/8 இஞ்ச், ரிட்டர்னுக்கு அரை இஞ்ச், சக்ஷனுக்கு முக்கால் இஞ்ச் என்று கணக்கு வரும். இதில் ஒரு சைஸ் குறைத்துப் போட்டால் எண்ணெய் சூடாகும், கரண்ட் வீணாகும், மிஷின் மெதுவாகும். "புது ஹோஸ் போட்டதிலிருந்து மிஷின் இழுக்கவில்லை" என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான்.

மரை விஷயம்

பெரும்பாலான தகராறு இங்கேதான். மிஷினின் வாயில் உள்ள மரை நான்கைந்து வகை. நம் ஊர்ப் பட்டறைகளிலும் இத்தாலி மிஷின்களிலும் அதிகம் வருவது பி.எஸ்.பி. ஜெர்மனி மிஷின்களில் மெட்ரிக். அமெரிக்க வழி மிஷின்களில் 37 டிகிரி கூம்பு உள்ள ஜே.ஐ.சி. மண் வெட்டும் மிஷின்களில் முகத்தில் ஓ ரிங் வைத்த வகையும் வரும்.

பி.எஸ்.பி.யில் ஒரு வேடிக்கை உண்டு. 3/8 என்று பெயர். வெர்னியரில் பிடித்தால் மரையின் வெளி விட்டம் 16.66 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்று பெயர், அளந்தால் 20.96. கால் இஞ்ச் 13.16. பெயர் அந்தக் காலத்துக் குழாயின் உள்ளளவைக் குறித்தது. ஸ்கேல் வைத்து அளந்து, "முக்கால் இஞ்ச் வருகிறது" என்று போனில் சொன்னால் தவறான பிட்டிங்தான் வந்து சேரும்.

இதைவிட ஆபத்து, பார்வைக்கு ஒன்று போல இருப்பவை. மெட்ரிக் 16க்கும் 3/8 பி.எஸ்.பி.க்கும் விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மெட்ரிக் 14க்கும் ஜே.ஐ.சி. 9/16க்கும் அதைவிடக் குறைவு. ஒன்றை மற்றொன்றில் வைத்துத் திருகினால் இரண்டு சுற்று ஏறிவிடும். மூன்றாவது சுற்றில் இறுகும். "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று பையன் ஸ்பானரை எடுத்துவிடுவான். பிடித்திருப்பது இரண்டு மரை மட்டும். மேலே சொன்ன ஐந்து மூட்டை அதில் தொங்குகிறது. மரைச் சீப்பு என்று ஒரு சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. 3/8 பி.எஸ்.பி.யில் ஒரு இஞ்சுக்கு 19 மரை. அரை இஞ்சில் 14. மெட்ரிக்கில் மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர். சீப்பு வைத்துப் பார்க்கும் கடையில் வாங்குங்கள்.

கூம்பு வைத்து உட்காரும் பிட்டிங்கில் கசிவை அடைப்பது மரை அல்ல, கூம்பும் கூம்பும் சேரும் இடம். ஆகவே அதில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். பிய்ந்த டேப் துணுக்கு எண்ணெயோடு போய் வால்வில் மாட்டினால் செலவு வேறு. சணலும் பெயின்ட்டும் தண்ணீர்க் குழாய்க்காரர்களின் வைத்தியம், இங்கே எடுபடாது.

கிரிம்பிங்

ஹோஸையும் நிப்பிளையும் சேர்த்து மேலே ஓர் எஃகு மூடி வைத்து மிஷினில் அமுக்குவதைக் கிரிம்பிங் என்கிறோம். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் அட்டவணை தந்திருக்கும். அமுக்கிய பின் மூடியின் விட்டம் இத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று. குறைவாக அமுக்கினால் ஹோஸ் கழன்று வரும். அதிகமாக அமுக்கினால் உள் ரப்பர் வெட்டுப்படும். அது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு கம்பெனி ஹோஸுக்கு இன்னொரு கம்பெனி மூடியைப் போட்டால் எந்த அட்டவணையும் பொருந்தாது. அமுக்கிய பின் வெர்னியர் வைத்து அளக்கிறார்களா என்று கூட நின்று பாருங்கள். அளக்காமல் கண்ணளவில் செய்பவர் கைராசிக்காரராக இருக்கலாம். நமக்கு ராசி வேண்டாம், அளவு போதும்.

"பழைய பிட்டிங்கையே அறுத்து எடுத்துப் போட்டுத் தருகிறேன், காசு மிச்சம்" என்று சொல்வார்கள். ஒரு தடவை அமுக்கிய நிப்பிளின் பள்ளங்கள் தேய்ந்திருக்கும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வெட்டும்போது கல் சக்கரத்தின் தூளும் ரப்பர்த் தூளும் உள்ளே போகும். காற்று அடித்து, முடிந்தால் ஸ்பாஞ்ச் குண்டு விட்டுச் சுத்தம் செய்து, இரு முனையிலும் மூடி போட்டுத் தரச் சொல்லுங்கள். சென்னையில் ஹோஸ் தயாரிப்பாளர்களே இருக்கிறார்கள். அவர்களின் முகவர்களிடம் டெஸ்ட் பெஞ்சும் இருக்கும். வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்கு வைத்துச் சோதித்துத் தருவார்கள். கிடங்கு லிஃப்டுக்கும் டிப்பருக்கும் அப்படி டெஸ்ட் செய்த ஹோஸைத்தான் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்காக வேலூர் வரை போக நேர்ந்தாலும் போகலாம்.

நீளம் சொல்லும்போது ஒரு பிட்டிங் உட்காரும் இடத்திலிருந்து மறு பிட்டிங் உட்காரும் இடம் வரை அளந்து சொல்லுங்கள். இரு முனையும் எல்போவாக இருந்தால் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதும் வேண்டும். பழைய ஹோஸைக் கொண்டுவருவது நல்லதே. ஆனால் அந்தப் பழையதே யாரோ முன்பு கையில் கிடைத்ததை மாட்டியதாக இருக்கக்கூடும். மிஷினின் பெயர்ப் பலகையில் உள்ள அழுத்தத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மாட்டும்போது

அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் 2 சதவீதம் கூடவோ 4 சதவீதம் குறையவோ செய்யும். விறைப்பாக இழுத்து மாட்டினால் அந்த இழுவை முழுவதும் பிட்டிங்கின் கழுத்தில் விழும். கொஞ்சம் தொய்வு விடுங்கள். வளைவும் திடீரென்று இருக்கக் கூடாது: 3/8 இஞ்ச் ஹோஸை 13 சென்டிமீட்டர் ஆரத்துக்கும், அரை இஞ்சை 18 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்க வேண்டாம். இடம் இல்லையென்றால் எல்போ பிட்டிங் போடுங்கள். எல்லாவற்றிலும் கொடியது முறுக்கு. ஒரு ஸ்பானரால் பிட்டிங்கின் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பானரால் திருப்பினால் ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். மேலே ஓடும் எழுத்து வரிசை நேராக இருக்கிறதா, கயிறு போல் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தட்டு மிஷின்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் டை சூடாக இருக்கிறது. சாதாரண ரப்பர் ஹோஸுக்கு எல்லை 100 டிகிரி. டையை உரசிக்கொண்டு ஹோஸ் போனால் வெளி ரப்பர் வெந்து, பப்படம் போல வெடிப்பு விடும். இதற்கு நல்ல ஹோஸ் வாங்குவது பரிகாரம் அல்ல. ஹோஸை டையை விட்டு விலக்கிக் கிளாம்ப் போடுவதே பரிகாரம். விலக்கவே வழியில்லாத இடத்தில் வெப்பம் தாங்கும் உறை மாட்டலாம், அல்லது எஃகுப் பின்னல் வெளியே தெரியும் டெஃப்லான் ஹோஸ் போடலாம், விலை கூடத்தான். பங்குனி, சித்திரையில் நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் மிஷின் ஓடினால் எண்ணெயே எவ்வளவு சூடாகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வண்டி ஸ்டீயரிங்கும் படகு ஸ்டீயரிங்கும்

லோடு வண்டியின் பவர் ஸ்டீயரிங் ஹோஸ் போய்விட்டால், பட்டறையில் டபுள் வயர் ஹோஸ் வெட்டி மாட்டித் தருகிறார்கள். பலம் அதிகம்தான். ஆனால் வண்டிக் கம்பெனி போட்ட ஹோஸ், பம்பின் துடிப்பை உள்வாங்கிக்கொள்ள அளவாக உப்பிச் சுருங்கும்படி செய்யப்பட்டது. அதற்கென்றே ஜே188, ஜே191 என்று தனித் தரங்கள் இருக்கின்றன. விறைப்பான ஹோஸ் போட்டதும் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முனகல் சத்தம் வருவது இதனால். கம்பெனி ஹோஸே வாங்குங்கள். கூடவே செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள்.

இதற்கு நேர் மாறானது படகு. நாகப்பட்டினத்தில் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர், படகு ஸ்டீயரிங் ஹோஸ் இங்கே வெட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டார். நம் கடற்கரை வள்ளங்களில் அவுட்போர்டு மோட்டாரைக் கையாலேயே பிடித்துத் திருப்புகிறார்கள். அங்கே ஹைட்ராலிக் இல்லை. வேகப் படகுகளில் ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னாலேயே ஒரு சிறு பம்பு இருக்கும். சக்கரத்தைத் திருப்பினால் அது எண்ணெயைத் தள்ளி, பின்னால் உள்ள சிலிண்டர் மோட்டாரைத் திருப்பும். கையால் தள்ளும் எண்ணெய் கொஞ்சம்தான். ஹோஸ் சிறிது உப்பினாலும் அந்த எண்ணெய் உப்பலுக்கே போய்விடும். சக்கரம் திரும்பும், படகு திரும்பாது. ஆகவே அங்கே உப்பாத ஹோஸ் வேண்டும். மோட்டாரைத் தூக்கி இறக்கும் டிரிம் சிலிண்டரின் ஹோஸோ ஒவ்வொரு தூக்கலுக்கும் மடங்கி நிமிரும். வளைவு தாங்குவதுதான் அதற்கு முக்கியம். இரண்டுக்கும் உப்புக் காற்று பொது. நாம் போடும் துத்தநாக முலாம் பிட்டிங் அங்கே துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வேண்டும். அவரைப் படகு மோட்டார் முகவரிடமே வாங்கச் சொல்லிவிட்டேன். வந்த வியாபாரத்தை ஏன் விட்டீர்கள் என்று கடைப்பையன் கேட்டான்.

வண்டியின் பிரேக் ஹோஸ் பற்றி ஒரே வரி: அதை எந்த ஹைட்ராலிக் பட்டறையிலும் செய்துகொள்ள வேண்டாம். பிரேக் ஆயில் வேறு ஜாதி; அதற்குரிய ரப்பர் வேறு. அந்த ரப்பரை ஹைட்ராலிக் எண்ணெயில் போட்டால் ஊறி உப்பும். அதேபோல ஹைட்ராலிக் தொட்டியில் எண்ணெய் குறைகிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றவும் கூடாது.

கையால் தடவிப் பார்க்க வேண்டாம்

இதை மட்டும் தயவுசெய்து மிஷினில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஹோஸில் ஊசித் துவாரம் விழுந்தால் எண்ணெய் புகை போல வரும். எங்கிருந்து வருகிறது என்று கையை வைத்துத் தடவுவது எல்லோருக்கும் இயல்பு. 7 பார் அழுத்தத்துக்கு மேலேயே எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்கிறார்கள். நம் மிஷினில் இருப்பது 200. வெளியில் எறும்பு கடித்த அளவு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே எண்ணெய் விரலின் சதையில் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்பது இதில் ஆகாது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய், "அதிக அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தைகளிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிறு காயம் என்று ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைப் பிடியுங்கள். நம் கடையில் அட்டைக்கா பஞ்சம்?

கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தி, சிலிண்டரைக் கீழே இறக்கி, கைப்பிடியை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். டிப்பரின் தொட்டி தூக்கியிருக்கும்போது ஹோஸ் வெடித்தால் தொட்டி அப்படியே விழும். இரும்புத் தாங்கு கட்டை கொடுக்காமல் அதன் கீழே யாரும் தலையை நீட்டக் கூடாது. கிடங்கு லிஃப்ட் வைத்திருப்பவர்கள், சிலிண்டரின் வாயிலேயே திருகும் ஹோஸ் பர்ஸ்ட் வால்வு தங்கள் லிஃப்டில் உண்டா என்று போட்டவரிடம் கேளுங்கள். ஹோஸ் வெடித்து எண்ணெய் வேகமாக வெளியே பாய்ந்தால் அது தானே மூடிக்கொள்ளும்; மூட்டையும் ஆளும் அந்தரத்தில் நிற்பார்கள், விழ மாட்டார்கள். இல்லையென்றால் அடுத்த ஹோஸ் மாற்றும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

வெளி ரப்பரில் வெடிப்பு, கம்பி தெரிவது, கொப்புளம், பிட்டிங்கின் கழுத்தில் ஈரம், இவற்றில் ஒன்று கண்டாலும் மாற்ற வேண்டியதுதான். கொப்புளத்தை ஊசியால் குத்திவிடுவது, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுக்கம்பி போடுவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. சைக்கிள் டியூப் கசிவை மறைக்கும், தடுக்காது.

ஒன்றும் தெரியாவிட்டாலும் வயது என்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் டின் 20066 தரப்படி, செய்து நான்கு ஆண்டு கடந்த ஹோஸில் புதிதாகப் பிட்டிங் போடக் கூடாது. பிட்டிங் போட்ட ஹோஸ், கிடங்கில் கிடந்த காலம் இரண்டு ஆண்டுக்கு மிகாமல், மொத்தம் ஆறு ஆண்டுக்கு மேல் ஓடக் கூடாது. நம் வெயிலுக்கு ஆறு ஆண்டு அதிகம் என்பேன். ரப்பரும் காலாவதியாகும் சரக்குதான். ஆகவே ஹோஸின் மேல் உள்ள காலாண்டையும் ஆண்டையும் பார்த்து வாங்குங்கள். கடைக்கு வெளியே வெயிலில் தொங்கும் சுருளை வாங்காதீர்கள். அவசரத்துக்கு ஒன்று வாங்கி வைப்பதானால் இரு முனையும் மூடி, மோட்டாருக்கும் வெல்டிங்குக்கும் தள்ளி, நிழலில் சுருட்டி வையுங்கள். ஆணியில் மாட்ட வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பின்னல் உள்ள ரப்பர் ஹோஸ், பிட்டிங் போட்டதானாலும் போடாததானாலும், ஜி.எஸ்.டி.யில் 4009 என்ற எண்ணின் கீழ் வரும். பிட்டிங்கை மட்டும் தனியாக வாங்கினால் 7307. பில்லில் ஹோஸின் தரம், அளவு, பார், நீளம், கிரிம்பிங் செய்த தேதி ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். உள்ளீட்டு வரி எடுப்பவர்களுக்கு அது கணக்குக்கு ஆகும். மற்றவர்களுக்கு, மறுமுறை ஹோஸ் போகும்போது எண்ணெய் வடியும் பழைய ஹோஸைத் தூக்கிக்கொண்டு வராமல், அந்தத் தாளை மட்டும் கொண்டுவர உதவும்.